வந்து போகும் பழுது

ஒரு காடி முழுசாகச் செத்துப்போனால் யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. சாவியைத் திருப்பினால் எடுக்கவில்லை, தள்ளினாலும் எடுக்கவில்லை. கண்ணெதிரே நிற்கிறது, எல்லோரும் பார்க்கலாம். சிக்கல் வேறு வகைப் பழுதில் இருக்கிறது. காலையில் மூன்று தடவை வழியில் நின்ற காடி, மத்தியானம் பட்டறை வாசலில் முதல் சாவியிலேயே எடுத்துக்கொண்டு அழகாக ஓடும். போமன் பானெட்டை மூடிவிட்டு, "இதுக்கு ஒன்னும் இல்லையே" என்பார். (மலேசியாவில் மெக்கானிக்குக்குப் போமன் என்றுதான் பேர்.) அந்த நிமிஷம் பழுது காடியை விட்டு இறங்கி டிரைவர் மேல் ஏறிக்கொள்கிறது. இனி விசாரிக்கப்படப் போவது அவர்தான்.

கேட்ட நேரத்தில் காட்ட முடியாத ஒன்றைச் சொல்கிற ஆளை நாம் எந்த அளவுக்கு நம்பக் கடமைப்பட்டிருக்கிறோம்? இந்தக் கேள்வியை ஒரு பழைய லேண்ட் ரோவரை வைத்து யோசிக்கலாம் என்று தோன்றுகிறது. அதற்குக் கேமரன் மலையை விடப் பொருத்தமான இடம் கிடையாது.

பகாங் மாநிலத்தில் இருக்கும் இந்த மேட்டு நிலம் 1885இல் இங்கே வந்த வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரின் பெயரைச் சுமக்கிறது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தச் சரிவுகளில் முதல் தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். இன்று அதே சரிவுகளில் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் பலர் வேலை செய்கிறார்கள். தேயிலைக்குப் பக்கத்திலேயே, பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். தோட்டத்துக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே செங்குத்தான மண் பாதை. அந்தப் பாதையில் மழைக்காலத்திலும் ஏறக்கூடியது எதுவோ அதுதான் இங்கே வண்டி. அதனால்தான் உலகம் அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்க்கிற லேண்ட் ரோவர்கள் இங்கே இன்னமும் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரிகின்றன.

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி அது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புத் தகடு பங்கீட்டில்தான் கிடைத்தது என்பதால் அலுமினியக் கலவையில் உடம்பு செய்தார்கள். அந்த நெருக்கடிதான் பிறகு மழை ஊர்களில் அதற்கு வரமாயிற்று. உடம்பு துருப்பிடிப்பதில்லை, அடிச்சட்டம் மட்டும் பிடிக்கும். நான் இங்கே சொல்லப்போவது 1971க்கும் 1985க்கும் இடையில் வந்த மூன்றாம் வரிசை வண்டி ஒன்றைப் பற்றி. பெட்ரோல் என்ஜின், நாலு சிலிண்டர், 2,286 சி.சி. கேமரன் மலையில் பல வண்டிகளுக்கு டீசல் என்ஜின் மாற்றிப் போட்டுவிட்டார்கள். டீசலில் பொறிக்கு வேலையே கிடையாது, அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டி அப்படியில்லை. பொறி விழாவிட்டால் ஒன்றும் நடக்காது.

அந்தப் பொறி பிறக்கிற விதம் எளிமையானது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய முறைதான் அறுபது எழுபது வருஷம் உலகத்தை ஓட்டியது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலின் முதல் சுற்றுக்குள் போகிறது. அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக வண்டியின் உடம்புக்கு இறங்குகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை காயிலில் காந்தப்புலம் நிரம்புகிறது. பாயிண்ட் திறந்த கணம் மின்சாரம் அறுபட்டு அந்தப் புலம் சரிகிறது. சரிகிற வேகத்தில் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, ரோட்டர் வழியாக அந்தந்த பிளக்குக்குப் போய்ப் பொறியாக விழுகிறது. திறக்கும் நேரத்தில் பாயிண்டிலேயே தீப்பொறி பறந்து காரியம் கெடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கண்டென்சர். பாயிண்ட் திறக்கிற இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், அதாவது நாலைந்து தாள் கனம். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் அந்த இடைவெளி நிமிடத்துக்கு 4,000 தடவை திறந்து மூட வேண்டும். இதில் எங்கே ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வண்டி விக்கும்.

இன்னொரு உறுப்பையும் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. பாதி மிதியில், பாரம் குறைவாக ஓடும்போது பொறி கொஞ்சம் முந்தி விழுந்தால் பெட்ரோல் மிச்சமாகும். அதற்காகக் கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிறது. பாதி மிதியில் அந்தக் குழாயில் உறிஞ்சல் உண்டாகி, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சில டிகிரி திருப்பும். மிதியை முழுசாக அமுக்கினால் உறிஞ்சல் போய்விடும், தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மிதியை விட்டு வண்டி சும்மா நின்று ஓடும்போதும் அப்படியே.

ரிங்லெட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு காய்கறித் தோட்டத்தில் என் மாமா இந்த வண்டியை ஓட்டினார். தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்குக் கூடைகளோடு செங்குத்தாக ஏற வேண்டும். பிறகு தேயிலைச் சரிவுகளை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சமமான ரோடு. அதன் முடிவில் காய்கறி லாரி காத்திருக்கும். லாரிக்கு நேரம் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாமா லாரியைத் தவறவிட்டார்.

அவர் சொன்னது இதுதான்: "ஏத்தத்துல ஒன்னும் பண்றதில்ல, முழு லோடுல ஜம்முனு ஏறுது. சம ரோட்டுக்கு வந்து காலக் கொஞ்சம் எடுத்தாதான் விக்குது, வெடிக்குது, சில நாள் நின்னே போகுது. நிப்பாட்டித் திரும்பப் போட்டா உடனே எடுத்துக்குது."

இதைக் கேட்டால் யாருக்கும் பொய்யாகத்தான் படும். கஷ்டமான ஏற்றத்தில் ஏறிவிட்டுச் சுலபமான ரோட்டில் நிற்கிற வண்டி உண்டா? பெட்ரோல் வரவில்லையென்றால் ஏற்றத்தில்தானே முதலில் திணறும்? பட்டறையில் வைத்து ஓடவிட்டால் பூனை மாதிரி ஓடியது. ஆனாலும் அடுத்தடுத்து மூன்று தடவை வேலை பார்த்தார்கள். பிளக் மாற்றினார்கள், பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றினார்கள், பிறகு காயிலை மாற்றி, கையோடு மூடியைத் திறந்து பாயிண்டைத் தேய்த்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் நன்றாக ஓடியது, மறுபடியும் ஆரம்பித்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு தௌக்கே தன் முடிவுக்கு வந்துவிட்டார். ஆள் வழியில் எங்கேயோ நிறுத்தித் தூங்குகிறார், இல்லாவிட்டால் பெட்ரோலை விற்கிறார். தவறிப்போன லாரிகளுக்கான காசு மாமாவின் சம்பளத்திலிருந்து கழிந்தது.

தௌக்கேயைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கம் இல்லை. அவர் கணக்கு அவருக்கு நியாயமானதுதான். மூன்று தடவை காசு செலவு பண்ணியாயிற்று. தொழில் தெரிந்தவர்கள் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் இருக்கு என்கிறார். அந்த ஆளுக்குத்தான் அப்படிச் சொல்வதில் லாபம். யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

நம்மிடம் ஒரு பழமொழி உண்டு: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காரணத்தைப் பற்றிய மிகப் பழைய எச்சரிக்கை அது. ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தால் முன்னது பின்னதை உண்டாக்கியது என்று மனசு தானாக முடிச்சுப் போட்டுவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் இதையே இன்னும் ஆழமாகத் தோண்டினார்: நாம் கண்ணால் பார்ப்பதெல்லாம் அடுத்தடுத்து வருவதை மட்டும்தான், 'காரணம்' என்ற முடிச்சை யாரும் பார்த்ததில்லை. பிளக் மாற்றினோம், சரியானது. காயில் மாற்றினோம், சரியானது. மூன்று காக்கைகள், மூன்று பனம்பழங்கள். மறுபடி பழுது வந்தபோது, "நாங்க சரி பண்ணித்தானே குடுத்தோம்" என்ற வார்த்தை பட்டறையின் வாயில் தயாராக இருந்தது.

கடைசியில் வண்டியைப் பார்த்தவர் தானா ராத்தாவில் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த ஒரு வயசாளி. அவர் பானெட்டைத் திறக்கவில்லை. மாமாவிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்ப நிக்குதுன்னு அப்புறம் சொல்லுங்க தம்பி. எப்பல்லாம் நிக்கவே மாட்டேங்குது?" என்பதுதான். மாமா யோசித்துச் சொன்னார். ஏற்றத்தில் நிற்காது. சும்மா நின்று ஓடும்போது நிற்காது. முழுசாக மிதித்தால் நிற்காது. "அப்ப பாதி மிதியிலதான்." "ஆமாண்ணே, பாதி மிதியிலதான்." மறுநாள் காலை ஆறரைக்கே அவர் தோட்டத்துக்கு வந்தார். மாமா ஓட்ட, அவர் பக்கத்தில், நான் பின்னால் கூடைகளோடு. சம ரோட்டுக்கு வந்து இரண்டாவது வளைவில் வண்டி விக்கியது.

ஓரங்கட்டி, ஓடவிட்டபடியே பானெட்டைத் திறந்தார். கார்புரேட்டரிலிருந்து அந்த மெல்லிய குழாயைப் பிடுங்கி, நுனியைத் துடைத்து, வாயில் வைத்து உறிஞ்சினார். என்ஜின் இருமி நின்றது. விட்டுவிட்டு மறுபடி போடச் சொன்னார், எடுத்தது. மறுபடி உறிஞ்சினார், நின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சின்ன ஒயரை இரண்டு விரலால் எடுத்துக் காட்டினார். பாயிண்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர், ஒரு விரல் நீளம்கூட இல்லை. உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. தட்டு ஒரு பக்கம் இருந்தால் அறுந்த இரண்டு நுனியும் தொட்டுக்கொண்டிருக்கும். தட்டு திரும்பினால் விலகும். ஒவ்வொரு தடவையும் பட்டறையில் மூடியைத் திறந்தபோது யாரோ ஒருவருடைய விரல் பட்டு ஒயர் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, நாலு நாள் தாங்கியிருக்கிறது.

மாமா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. கேட்பவர்களுக்குப் பொய் மாதிரிப் பட்ட அந்த ஒரு விவரம், ஏற்றத்தில் ஏறி சமத்தில் நிற்கிறது என்பது, பழுதின் முழு முகவரியாக இருந்தது. உண்மைக்கு எப்போதும் உண்மையின் சாயல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொய் சொல்ல நினைக்கிறவர்தான் கேட்பவர் நம்பும்படி, "ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது" என்று சொல்லியிருப்பார்.

இதில் ஒரு முக்கியமான பிரிவினை இருக்கிறது. மாமாவுக்கும் ஒரு தியரி இருந்தது: பெட்ரோல் டாங்கில் அழுக்கு. அது தப்பு. அந்த வயசாளி அதை ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எங்கே, எப்போது, எப்படி நின்றது என்று மாமா சொன்னதில் ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. சாட்சியம் வேறு, விளக்கம் வேறு. ஒருவரை நம்புவது என்றால் அவர் சொல்கிற காரணத்தையும் விழுங்கிக்கொள்வது என்று அர்த்தமில்லை. பட்டறைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். அவர் காரணம் தப்பென்று கண்டதும் அவர் கண்டதையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.

எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று இரண்டு பக்கமும் கேட்பதை ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் ஆய்வு முறையாக வகுத்தார். நம் மரபில் அதற்கு முன்பே அன்வயம், வியதிரேகம் என்று பெயர் இருந்தது. புகை இருக்கும் அடுக்களையில் நெருப்பு இருக்கிறது. நெருப்பில்லாத குளத்தில் புகை இல்லை. மணிமேகலையின் 29ஆம் காதை ஒரு காப்பியத்துக்குள் உட்கார்ந்து இந்த அளவைகளைத்தான் விரிவாகப் பேசுகிறது. இல்லாத பக்கத்தையும் விசாரி என்பது அவ்வளவு பழைய அறிவு. ஆனால் அந்த விசாரணைக்குப் பழுதோடு வாழ்ந்தவர் வேண்டும். எப்போதெல்லாம் நிற்கவில்லை என்று ஒரு கருவியால் சொல்ல முடியாது. தினமும் ஓட்டியவர்தான் சொல்ல முடியும்.

இதை வெறும் காடிப் பிரச்சினையாக விடமுடியாததற்குக் காரணம் தோட்டத்தின் வரலாறு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் உயிர் குடித்தது மலேரியா. தமிழில் அதற்கு முறைக்காய்ச்சல் என்று ஒரு பெயர் உண்டு. முறை வைத்து வரும். ஒரு வகையில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, இன்னொரு வகையில் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுவில் இருக்கும் நாளில் உடம்பு தொட்டால் சில்லென்று இருக்கும். இப்போது விடியற்காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். வரிசையில் ஒருவர், "நேத்து ராத்திரி குளிரு தூக்கிப் போட்டுச்சுங்க" என்கிறார். டிரெஸ்ஸர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்; சூடு இல்லை. வேலைக்குப் போகச் சொல்ல அது போதும். கூலிக்காரர் சோம்பேறி, சாக்குச் சொல்வார் என்ற முன்முடிவு அந்தக் கைக்குள்ளேயே இருக்கும். காய்ச்சல் இல்லாத நேரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சலே இல்லை என்று எழுதுவதும், நிற்காத நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழுதே இல்லை என்று எழுதுவதும் ஒரே காரியம்.

1880இல் அல்ஜீரியாவில் சார்ல் லாவெரான் ஒரு நோயாளியின் ரத்தத்தில் அந்தக் கிருமியைக் கண்டார். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதைக் கொசுவுக்குள் கண்டார். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். இந்த வரிசையில் எனக்குப் பெரிதாகப் படுவது, காய்ச்சல் இறங்கியிருக்கும் நாளிலும் ரத்தத் துளியில் தடயம் கிடைக்கலாம் என்று ஆனதுதான். அதற்குப் பிறகு நோயாளி தன் காய்ச்சலை நேரத்துக்கு நிகழ்த்திக் காட்ட வேண்டிய அவசியம் குறைந்தது. வாயில் வைத்து உறிஞ்சிய அந்தக் குழாயும் அதே வேலையைத்தான் செய்தது. பழுது தானாக வரும்வரை காத்திருக்காமல் அது வரும் சூழலை உண்டாக்கிப் பார்த்தது. நல்ல சோதனை என்பது சொன்னவரின் தோளிலிருந்து நிரூபிக்கும் பாரத்தை இறக்கி வைக்கிறது.

மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். பேசுகிறவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லுக்கு உரிய மதிப்பைக் குறைப்பதைச் சாட்சிய அநீதி என்று தமிழில் சொல்லலாம். ஒருவரை அறிகிறவர் என்ற இடத்திலிருந்தே இறக்கிவிடுவது அது என்கிறார் ஃப்ரிக்கர். அதோடு நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வந்து வந்து போகும் பழுதுகள்தான் இந்த அநீதிக்கு வசதியான இடம். நிரந்தரமான பழுதை யார் சொன்னாலும் பார்த்துவிடலாம். சொல்பவரின் அந்தஸ்து அங்கே தேவைப்படாது. பழுது ஒளிந்துகொள்ளும் இடத்தில்தான் சொல்லை மட்டும் எடை போட வேண்டியிருக்கிறது. அங்கே தராசில் ஏறுவது சொல் மட்டும் இல்லை. அதே விக்கலைத் தௌக்கேயின் மகன் சொல்லியிருந்தால் முதல் நாளே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து போயிருப்பார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. பொய் சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பெட்ரோல் விற்கும் டிரைவர்களும் உண்டு, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர்களும் உண்டு. எல்லோரையும் நம்பு என்றால் எந்தத் தோட்டமும் நடக்காது. சரிதான். ஆனால் நம்புவதற்கும் நம்பாமல் போவதற்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: போய்ப் பார்ப்பது. தானா ராத்தாக்காரர் மாமாவை நல்லவர் என்று முடிவு செய்துவிட்டு வரவில்லை. அவருக்கு மாமா யாரென்றே தெரியாது. சொன்னதைச் சோதிக்கத் தகுந்த ஒன்றாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். சோதனை மாமாவுக்கு எதிராகவும் முடிந்திருக்கலாம். அப்படி முடிந்திருந்தாலும் அது நியாயமாக இருந்திருக்கும். பட்டறையின் தீர்ப்பு மாமாவுக்கு எதிராக இருந்தது மட்டும் அதன் குறை இல்லை. பழுது நடக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் போகாமல் சொன்ன தீர்ப்பு என்பதுதான் குறை.

போவதற்குச் செலவு உண்டு. ஆறரை மணிக்கு எழுந்து வர வேண்டும், குளிரில் கூடைகளோடு உட்கார வேண்டும். சந்தேகப்படுவதற்கு ஒரு காசு செலவில்லை. அதற்கான விலையைச் சந்தேகப்படுகிறவர் கட்டுவதில்லை, சந்தேகப்படப்பட்டவரின் சம்பளத்திலிருந்து போகிறது. ஆகவே இதை வெறும் அறிவுக் கேள்வியாக என்னால் பார்க்க முடியவில்லை. 'ஒன்னும் இல்லை' என்ற வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம்: 'தேடிப் பார்த்தேன், இல்லை' என்பது ஒன்று, 'நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை' என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லிவிட்டு முதலாவதன் மரியாதையை எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இன்றைய வண்டிகளில் பாயிண்ட் இல்லை, கண்டென்சர் இல்லை. பழுதைக் கம்ப்யூட்டர் எண்ணாகப் பதிந்து வைக்கிறது. எண் பதியாத விக்கலைச் சொன்னால், "சிஸ்டத்துல ஒன்னும் காட்டலையே" என்கிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் எழுந்து நிற்க முடியாத பெண்ணிடமும், ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வந்த தலைவலிக்காரரிடமும், ஆப்பில் பதியாத அவமானத்தைச் சொல்கிற டெலிவரி பையனிடமும் நாம் சொல்வது அதுவேதான். கருவிகள் மாறியிருக்கின்றன. யாருடைய சொல்லுக்காக ஒருவர் விடிகாலையில் எழுந்து போவார் என்ற கணக்கு அவ்வளவாக மாறவில்லை.

ஒயரை மாற்ற அந்த வயசாளிக்குக் கால் மணி நேரம் ஆனது. கழித்த சம்பளம் திரும்பி வரவில்லை, மாமாவும் கேட்கவில்லை. அறுந்த துண்டைத் தௌக்கேயிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டினாராம். தௌக்கே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உறை நன்றாகத்தானே இருக்கிறது என்றாராம். மாமா ஒன்றும் பேசாமல் ஒயரின் இரண்டு முனையையும் பிடித்து மெல்ல வளைத்துக் காட்டியிருக்கிறார்.